ஜபருல்லா பாயின் வடக்குச் சுவர்

ஜபருல்லா பாய்க்கு வாய் இல்லாமல் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் இலவம்பஞ்சின் பெருமையை அரைமணி நேரம் மூச்சு விடாமல் சொல்வார். அந்த வாயால் செய்ய முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: தனக்கு வேண்டியதை இன்னொருவரிடம் கேட்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறுவார். ஆள் இல்லாத சீட்டில் யாரோ பையை வைத்திருப்பார்கள். "பைய எடுங்க" என்று சொல்ல மாட்டார். அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே ராஜபாளையம் வரைக்கும் நின்றபடி வருவார். கல்யாண வீட்டில் தால்ச்சா வாளி அவரைத் தாண்டிப் போனால் போனதுதான். வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும் இடத்தில் "சாப்பாடு பிரமாதம்" என்பார். இப்படிப்பட்டவரை ஊர் நல்ல மனுஷன் என்று சொல்லும். ஊருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். கூடவே குடித்தனம் நடத்துகிற அப்ரோஸ் பேகத்தைக் கேட்டால்தான் தெரியும்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் அவருக்கு மெத்தைக் கடை. வீடு ஊரின் மேற்கே, மலை தெரிகிற பக்கம். மகள் சப்ரீன் நடை பழகிய வருஷம் கட்டிய வீடு. மனை ஒடுக்கம் என்பதால் வடக்கே ஓர் அடிகூட விடாமல் எல்லை வரைக்கும் சுவரை ஏற்றிவிட்டார்கள். அப்போது வடக்கு மனை காலி. கொத்தனார் அந்த மனையில் நின்று சாரம் கட்டி, சுவரின் வெளிப்பக்கத்தைச் சாவகாசமாகப் பூசிவிட்டுப் போனார். பிறகு அந்த மனையைச் சேத்தூர் மாரீஸ்வரன் வாங்கினார். விவசாயக் குடும்பம். மகனுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை, அவனுக்காக ஒரு வீடு கட்டலாம் என்று வாங்கிப் போட்டிருந்தார். போட்டது போட்டபடியே கிடந்து, கருவேலஞ்செடி இடுப்புயரம் வளர்ந்தது.

இந்த வருஷம் சித்திரையில் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. சப்ரீன், வாழ்க்கைப்பட்ட கடையநல்லூரிலிருந்து போன் செய்து, அம்மாவிடம் வெட்கத்தோடு சொன்னது ஒன்று. ஐப்பசி கடைசியில் அல்லது கார்த்திகை முதலில் பிரசவம் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்தது, ஒரு மத்தியான நேரம் வடக்குச் சுவரின் வெளிப்பூச்சு ஒரு கட்டில் அகலத்துக்குப் பெயர்ந்து கருவேலஞ்செடி மேல் விழுந்தது. மிச்சம் இருந்ததும் உப்புப் பூத்து, உப்பிப் போய் நின்றது. உள்ளே செங்கல் தெரிந்தது.

பழைய சுவர், பூச்சு விழத்தான் செய்யும் என்று சும்மா இருக்க முடியாது. ஏனென்றால் அந்தச் சுவருக்கு உட்பக்கம்தான் சப்ரீனின் அறை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் அழைத்து வந்து, பிள்ளை பெற்று, நாற்பது நாள் கழித்துத்தான் அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் கதவு வைத்த அறை அது ஒன்றுதான். சப்ரீனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. ஈரமான இடத்தில் படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும். அவள் மாமனார் ஜெய்னுலாப்தீன் நல்ல மனிதர். அவரே ஒரு தடவை, "எங்க வீட்டுலயே பேறுகாலம் பாத்துக்கிடலாமே மச்சான், பிள்ளைக்கு அலைச்சல் வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தார். ஜபருல்லா பாய்க்கு அது மட்டும் சுருக்கென்று பட்டது. "எம் பிள்ளைக்கு எம் வீட்டுல ரூமு இருக்கு மச்சான். நான் சரிபண்ணி வச்சுருவேன்" என்று அவர் சொன்ன தோரணையில், இவருக்கு இவ்வளவு பேச வருமா என்று அப்ரோஸ் பேகமே திரும்பிப் பார்த்தார்.

காசிராஜன் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் கரண்டிக் காம்பால் சுவரை அங்கங்கே தட்டினார். தட்டிய இடமெல்லாம் டொப்பு டொப்பென்றது.

"பாய், இது பூச்சு இல்ல, போத்துன போர்வ. சொவத்துக்கும் இதுக்கும் ஒட்டே இல்ல. பூராத்தையும் கொத்தி எறக்கிட்டுப் புதுசாப் பூசணும். வைகாசிக்குள்ள ஆரம்பிச்சா, தண்ணி விட்டு நல்லா எறுகிரும். ஐப்பசி மழைய வடக்குச் சொவருதான் நெஞ்சக் காட்டி வாங்கும், பாத்துக்கோங்க."

"தகரம் அடிச்சா?"

"அடிக்கலாம். உள்ள இருக்குற ஈரம் உள்ளயே கெடந்து அழுகும். பெயிண்டு கம்பெனிக்காரன் ரப்பர் மாதிரி ஒண்ணு தாரான், அதையும் அடிக்கலாம். கழண்ட பூச்சு மேல அடிச்சா, பெயிண்டும் பூச்சும் சேந்தே விழும். எதச் செஞ்சாலும் சாரம் அந்தப் பக்கம்தான் நிக்கணும். சேத்தூர்க்காரவுக கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க."

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நின்றது.

தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டீக்கடையில் தகரம்தான் சரி என்றார்கள். மடவார் வளாகத்தில் இருக்கும் அப்ரோஸ் பேகத்தின் தம்பி வந்து, டைல்ஸ் ஒட்டிவிடுங்கள், பேரன் காலம் வரைக்கும் கவலை இல்லை என்றார். ஜபருல்லா பாய் எல்லோருக்கும் தலையாட்டினார். எதைச் செய்வது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. காசிராஜன் சொன்னதுதான் சரி என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார். சேத்தூருக்குப் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் தள்ளிப்போடத்தான் ஊரெல்லாம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

வைகாசியில் ஒருநாள் அப்ரோஸ் பேகம் சட்டையை இஸ்திரி போட்டுக் கையில் கொடுத்தார். "இன்னைக்குப் போறீக. கேக்குறீக. வாரீக."

போனார். மாரீஸ்வரன் வீட்டில் நல்ல மரியாதை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். மாரீஸ்வரனின் மனைவி நாகஜோதி காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். காபியைக் கொண்டுவந்தது மருமகள். வயிறு முன்னே வர, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, டம்ளரைச் சிந்தாமல் நீட்டினாள்.

"ஆறு மாசம் பாய்," என்றார் நாகஜோதி, பெருமையை மறைக்காமல். "கல்யாணமாகி நாலு வருசம் கழிச்சு உண்டாயிருக்கா. அதான் அந்த வீட்டு வேலையக்கூட இப்பம் தொடல. பிள்ள பொறந்த பொறவுதான் கடப்பாரையவே கையில எடுக்கணும்னு இவுக சொல்லிட்டாவ."

மாசமாக இருக்கிற பெண் இருக்கும் வீட்டில் சுவரை இடிக்கக் கூடாது, ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற விஷயம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. செய்து பார்க்க யாருக்கும் துணிச்சலும் கிடையாது. ஜபருல்லா பாய் காபியை வாயில் வைத்தபடியே அந்தப் பெண்ணைப் பார்த்தார். நாலு வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. இவர்கள் மண்ணில் சாரத்தை நட்டு, சுவரைக் கொத்தப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

"என்ன விசயமா வந்தீக பாய்?" என்றார் மாரீஸ்வரன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இந்தப் பக்கம் இலவமரம் நெறைய நிக்குதுன்னாக. காய் கெடைக்குமான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மாரீஸ்வரன் பாவம், வண்டியை எடுத்து அவரைப் பின்னால் உட்கார வைத்து, ஊரெல்லாம் இலவமரம் தேடிக் காட்டினார். திரும்பி வரும்போது கையில் ஒரு பை மாங்காய் வேறு.

அப்ரோஸ் பேகம் மாங்காயைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். "கேக்கலல்ல?"

"அந்தப் பிள்ள மாசமா இருக்கு."

"அந்தப் பிள்ள சேத்தூர்ல இருக்கு. சொவரு இங்கல்ல இருக்கு!"

"மண்ணு அவியளோடதுல்லா? நாளைக்கே ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னு வையி. பாய் வந்து நம்ம எடத்துல கொத்துனதாலதான்னு அவிய வாய் தொறந்து சொல்ல மாட்டாக. மனசுல வந்துருச்சுன்னா? அதத் தாங்க முடியாது என்னால."

அப்ரோஸ் பேகம் மாங்காய்ப் பையை வாங்கி உள்ளே வைத்தார். கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அவரும் ஒரு பிள்ளையின் செய்திக்காகக் காத்திருக்கிறவர். கணவர் சொன்னதில் இருந்த பயம் அவருக்கும் தொற்றிக்கொண்டது. சேத்தூர்ப் பெண்ணுக்கு ஆவணியில் பிறந்துவிடும், உடனே ஆரம்பித்தால் புரட்டாசிக்குள் முடித்துவிடலாம் என்று இருவரும் கணக்குப் போட்டார்கள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அதில் சப்ரீனின் ஏழாம் மாதம் எப்போது என்பதை மட்டும் இருவரும் மறந்துவிட்டார்கள்.

அதுவரைக்கும் ஒரு படுதாவை மொட்டைமாடிக் கைப்பிடியிலிருந்து கீழே தொங்கவிட்டார். கடையில் மெத்தை மூடுகிற நீலப் படுதா. ஆடி மாதத்தில் மலைக்கணவாய் வழியாக அந்த ஊருக்கு ஒரு காற்று வரும். அது படுதாவை நாலு நாள் அடித்துத் துவைத்துக் கிழித்து, பாதியை எடுத்துக்கொண்டு போனது. மிச்சப் பாதி படபடவென்று அடித்ததில், ஒட்டிக்கொண்டிருந்த பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. ஜபருல்லா பாய் தினமும் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு இறங்கிவருவார். செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பெரிய தண்டனை. அதை அவருக்கு வேறு யாரும் கொடுக்கவில்லை.

ஆவணியில் சேத்தூரிலிருந்து பேரன் பிறந்த செய்தி வந்தது. ஜபருல்லா பாய்க்குத் தன் வீட்டில் பிறந்த மாதிரி சந்தோஷம். இனிமேல் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிள்ளையையும் பார்த்து, சாரத்துக்கும் கேட்டுவிடுவது என்று நினைத்திருந்தார். வெள்ளிக்கிழமையே கடையநல்லூரிலிருந்து கார் வந்து நின்றது. மருமகன் நவாஸ் பெட்டியை இறக்கினான். சப்ரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "அத்தா, எம் ரூமு ரெடியா?" என்று சிரித்தாள்.

இப்போது மாசமாக இருக்கிற பெண் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். இனிச் சுவரைத் தொட முடியுமா?

காசிராஜன் வந்து வாசலில் நின்று சப்ரீனைப் பார்த்தார், ஜபருல்லா பாயைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "பாய், அப்பவே கொத்திருக்கலாம்." இதைச் சொல்வதற்கு ஒரு கொத்தனார் தேவையா? ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை இருக்கிறது என்று அவர் போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் வடக்கு மனைக்கு மண் தோண்டும் மிஷின் ஒன்று வந்தது. சப்ரீன் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மிஷின் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது, பிறகு ஒரு செடியைக்கூடப் பிடுங்காமல் திரும்பிப் போய்விட்டது. கடைக்குப் போன் செய்து சொன்னார் அப்ரோஸ் பேகம். நல்லவேளை, அவர்கள் சுவர் எழும்பினால் அப்புறம் நம் சுவருக்குச் சாரம் கட்டவே இடம் இருக்காது என்று ஜபருல்லா பாய் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

ஐப்பசி மழை காசிராஜன் சொன்ன மாதிரியே வடக்குச் சுவரில் வந்து விழுந்தது. முதல் மழைக்கு உள்சுவரில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம். அடுத்த மழைக்கு அது தலையணை அளவானது. கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டார்கள். சுவரோரம் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய மெத்தையை நிறுத்தி வைத்தார்கள், அது ஈரத்தைக் குடித்து நாறியது. சாம்பிராணி போட்டார்கள், புகைக்கும் சப்ரீனுக்கு இருமல் வந்தது. ஹாலில் படுக்க வைக்கலாம் என்றால், ஹாலின் மூலைக்கும் அதே சுவர்தான். மகள் பகலில் தூங்கும்போது ஜபருல்லா பாய் அறை வாசலில் நின்று அவளுடைய மூச்சைக் கவனிப்பார். பூனைச் சத்தம் கேட்கிறதா? கேட்காத நாளில் தொழுதுவிட்டுக் கடைக்குப் போவார். கேட்ட நாளில் கடை திறக்க நேரமாகும்.

கார்த்திகை பிறந்து சப்ரீனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே அடைமழை. பேரனை முதல்முதலாக மடியில் வாங்கிக்கொண்டு அந்த அறைக்குள் உட்கார்ந்தபோது, ஜபருல்லா பாய்க்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. சுவரில் ஈரம் அவர் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது. மெத்தை விற்கிறவர், பேரனுக்கு ஊரிலேயே நல்ல மெத்தையாகப் போட்டிருந்தார். அதுவும் சில்லென்று இருந்தது.

பையனுக்கு மூக்கு அடைத்தது. பிறகு பால் குடிக்கும்போது மூச்சு வாங்கியது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார், மருந்து கொடுத்தார். இவர்கள் எழுந்திருக்கும்போது மட்டும், "காஞ்ச எடமாப் பாத்து வச்சுக்கோங்க" என்றார்.

மறுநாளே சம்பந்தி வீட்டார் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். ஜெய்னுலாப்தீன் பேரனைக் கொஞ்சினார், பாயசம் குடித்தார், யாரையும் ஒரு குறை சொல்லவில்லை. எழுந்து நிற்கும்போது தடுமாறி, பிடிமானத்துக்குச் சுவரில் கையை வைத்தார். கையை எடுத்துப் பார்த்தார். கைக்குட்டையால் துடைத்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஜபருல்லா பாய் தாங்கியிருப்பார்.

"மச்சான், மழ விடுற வரைக்கும் பிள்ளையக் கொண்டுபோயி அங்க வச்சுக்கிடுதோமே. பொறவு நீங்க கூட்டிட்டு வந்துக்கோங்க."

என் மகள் நாற்பது நாளும் இங்கே இருக்கட்டும் என்று கேட்க ஜபருல்லா பாய்க்கு எல்லா உரிமையும் இருந்தது. உள்ளே பேரன் மூக்கால் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி மச்சான்" என்றார். சப்ரீன் அழுதாள். அப்ரோஸ் பேகம் சமையல்கட்டை விட்டு வெளியே வரவே இல்லை. காருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனது ஜபருல்லா பாய்தான். மகளும் பேரனும் நனையாமல் ஏறினார்கள். கார் போன பிறகும் குடையை விரித்தபடியே தெருவில் நின்றார்.

தை பிறந்து வெயில் அடித்தது. மாரீஸ்வரன் மனைக்குக் கயிறு பிடித்து அளக்க வந்தார். வந்தவர் முதலில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "பேரன் எங்க பாய்?" என்றார்.

"கடையநல்லூர்ல. ரூமு ஈரம், பிள்ளைக்கு ஆகல."

மாரீஸ்வரன் வடக்குப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தார். செங்கல் எல்லாம் கறுத்துப் பாசி பிடித்துக் கிடந்தது.

"ஆவணியிலயே நான் ஆரம்பிச்சிருக்கணும் பாய். மிஷினக்கூடக் கொண்டாந்தேன். ஒங்க மக வாசல்ல ஒக்காந்திருந்துச்சு, வயித்துப்பிள்ளையோட. கீழ பாறை கெடக்கு, ஒடைச்சா ஒங்க வீடே அதிரும். மனசு வரல. தையில பாத்துக்கிடலாம்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"ஆவணியிலயா?"

"ஆமா. ஆரம்பிச்சிருந்தா ஐப்பசிக்குள்ள எங்க சொவரு எந்திரிச்சிருக்கும். ஒங்க சொவத்து மேல ஒரு பொட்டு மழ விழுந்திருக்காதுல்ல பாய்?"

ஜபருல்லா பாய் பக்கத்தில் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, வைகாசியில் தான் சேத்தூருக்கு வந்தது இலவங்காய்க்காக இல்லை என்பதைச் சொன்னார். மாரீஸ்வரன் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "கேட்டிருக்கலாமே பாய்" என்றார். "நீங்களும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே அண்ணாச்சி" என்றார் இவர். யார் மேல் கோபப்படுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. நல்ல மனிதர்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் மனை வாங்கினால் இதுதான் கதி என்று அப்ரோஸ் பேகம் ஜன்னல் வழியாக உரக்கச் சொன்னார். அவருக்கு மட்டும்தான் கோபப்பட ஆள் கிடைத்திருந்தது.

மாரீஸ்வரன் தன் வேலையை இன்னும் ஒரு மாதம் தள்ளிவைத்தார். காசிராஜன் சாரம் கட்டினார். பழைய பூச்சையெல்லாம் கொத்தி இறக்கி, வெயிலில் சுவரைக் காய விட்டு, இரண்டு கை பூசினார். ஜபருல்லா பாய் காலையும் மாலையும் தானே குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டார். மாசியில் தட்டிப் பார்த்தால் சுவர் கணீரென்றது. தெருவிலேயே அப்படி ஒரு பூச்சு கிடையாது. மாரீஸ்வரனின் ஆட்கள் அடுத்த வாரமே அஸ்திவாரம் தோண்டினார்கள். அவர்கள் சுவர் எழும்பிவிட்டால் அந்தப் பூச்சை இனி ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

அதற்கு முன்னால் ஒரு தடவை மகளுக்குக் காட்ட வேண்டும் என்று, ஒரு சாயங்காலம் வீடியோ கால் போட்டார். வெளிச்சுவரைக் காட்டினார். அறைக்குள் போய் உள்சுவரில் கன்னத்தை வைத்துக் காட்டினார். "பாரு, காஞ்சு கெடக்கு. ஒரு பொட்டு ஈரம் இல்ல." அந்தப் பக்கம் பேரன் கட்டிலில் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். நன்றாகத் தேறியிருந்தான். மூக்கடைப்பு இல்லை. பின்னால் வெள்ளையடித்த சுவர், அதில் அவனுடைய சட்டைகள் வரிசையாகத் தொங்கின.

ஜபருல்லா பாய் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எப்பம் வாரே, தாயி? ரெண்டு மாசம் இங்க வந்து இரேன். பிள்ளையும் நீயும்."

சப்ரீன் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தாள். திரும்பி அறைக்கு வெளியே யாரையோ பார்த்தாள்.

"நாப்பது முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு அத்தா. இங்க மாமிக்கு இவன் இல்லாம முடியல. இந்த ரூமுல நல்லாத் தூங்குதான். பெருநாளைக்கு வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோம், என்ன?"

"சரிம்மா," என்றார் ஜபருல்லா பாய். "ஒனக்கு எப்பம் தோதுப்படுமோ அப்பம் வா."

போன் அணைந்தது. பக்கத்து மனையில் கல் இறக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அவர் வெறும் கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த சுவரில் சாய்ந்துகொண்டு, வாய் விட்டு அழுதார்.